ஐவரும் பன்னிருவரும்: கூடைப்பந்து அணித் தேர்வு பற்றி ஓர் ஆய்வு

(பத்தாம் வகுப்பு)

முன்னுரை

விளையாட்டு என்றாலே உடலுக்கு வலிமை தருவது என்று மட்டும் பலரும் எண்ணுகின்றனர். அதில் அறிவுக்கும் கணக்குக்கும் பெரும் பங்கு உண்டு என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. கூடைப்பந்தாட்டம் கால்களால் பாதியும் தலையால் பாதியும் ஆடப்படுகிறது என்றால் அது மிகையாகாது. அணியில் யார் யாரைச் சேர்ப்பது, அவர்களுள் எந்த ஐவரை முதலில் களத்தில் இறக்குவது, யாரை எப்போது மாற்றுவது என்னும் கேள்விகளுக்கு விடை காண முடியாமல் உலகின் பெரிய தொழில்முறை அணிகளே திணறுகின்றன.

எங்கள் அஞ்செட்டிப் பகுதியில் இதற்கு எளிய விடை ஒன்று உண்டு. "உயரமானவள் ஆடட்டும், குட்டையானவள் கை தட்டட்டும்" என்பதே அது. மாணவியரை உயர வரிசையில் நிறுத்தி முதல் ஐவரை எடுத்துக்கொண்டால் அணி தயார்! இந்த முறை சரிதானா? நாங்கள் சிலர் கூடிப் பேசியும், படித்தும், கணக்குப் போட்டும் கண்டவற்றை இக்கட்டுரையில் தருகின்றோம்.

ஆட்டத்தின் பிறப்பு

கூடைப்பந்தாட்டம் தானாகத் தோன்றி வளர்ந்த ஆட்டம் அன்று. ஒருவர் அமர்ந்து யோசித்து உருவாக்கியது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நைஸ்மித் என்பவர் 1891 ஆம் ஆண்டு இதை அமைத்தார். குளிர்காலத்தில் மாணவர்கள் அறைக்குள்ளேயே ஆடுவதற்கு ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது. பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி, கால்பந்தைக் கொண்டே முதல் ஆட்டம் நடந்தது. அன்று பக்கத்திற்கு ஒன்பது பேர் ஆடினர். ஐவர் என்பது பின்னர் ஏற்பட்ட வழக்கம்.

நம் நாட்டில் இவ்வாட்டம் பரவுவதற்கும் ஒய்.எம்.சி.ஏ. இயக்கமே துணை நின்றது. எச்.சி. பக் என்பவர் 1920 ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்று வந்த ஆசிரியர்கள் தமிழகமெங்கும் பள்ளிகளில் இந்த ஆட்டத்தைக் கற்பித்தனர்.

ஐந்து இடங்களும் ஐந்து வேலைகளும்

ஆடுகளம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடையது. வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும். களத்தில் ஐவர் நிற்பர். அந்த ஐவருக்கும் ஐந்து வேலைகள் உள்ளன.

முதலாவது பாயிண்ட் கார்டு. பந்தைக் கொண்டு வந்து, யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்பவர் இவரே. வீட்டில் அம்மா எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தாம் கடைசியில் உண்பது போன்ற வேலை இது. இரண்டாவது ஷூட்டிங் கார்டு. தொலைவிலிருந்து குறி பார்த்து எறிபவர். மூன்றாவது ஸ்மால் ஃபார்வர்டு. ஓடவும், எறியவும், எதிரியின் சிறந்த ஆட்டக்காரரைத் தடுக்கவும் தெரிந்தவர். நான்காவது பவர் ஃபார்வர்டு. வளையத்தின் அருகே நின்று போராடுபவர். ஐந்தாவது சென்டர். எறிந்து தவறும் பந்தைப் பிடிப்பதும், உள்ளே நுழைபவரை மறிப்பதும் இவர் வேலை.

இவற்றுள் உயரம் பெரிதும் வேண்டிய வேலைகள் இரண்டுதான் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் வேகமும், பார்வையும், கை நிதானமும் முதன்மையானவை. அப்படியிருக்க, ஐவரையும் உயரம் பார்த்தே தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? பந்தைப் பிடிக்க ஐவர் இருப்பர். கொண்டு வந்து கொடுக்க ஒருவரும் இருக்கமாட்டார்.

திருவள்ளுவர் ஆட்சிக்கு உரியவற்றைச் சொல்லும்போது 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வைத்துள்ளார். வேலையின் தன்மையையும் ஆளின் தன்மையையும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்னும் கருத்து நமக்குப் புதிதன்று. ஆடுகளத்திற்கு அதைக் கொண்டுவரத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

இருநூறு நிமிடக் கணக்கு

பன்னாட்டு விதிப்படி ஓர் ஆட்டம் பத்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக, மொத்தம் 40 நிமிடங்கள் நடைபெறும். களத்தில் எப்போதும் ஐவர் இருப்பதால் ஓர் அணிக்குக் கிடைப்பது 5 × 40 = 200 ஆள்நிமிடங்கள். இந்த 200 நிமிடங்களையும் பன்னிருவருக்குப் பங்கிடுவதே பயிற்றுநரின் முதல் வேலை.

முதல் ஐவரே 40 நிமிடமும் ஆடினால் 200 நிமிடங்களும் தீர்ந்துவிடும். மீதி எழுவருக்குச் சுழியம். ஆனால், நான்காம் பகுதியில் அந்த ஐவரின் கால்கள் எப்படி இருக்கும்? கால் தளர்ந்தவள் எறியும் பந்து வளையத்தின் முன்விளிம்பில் மோதித் திரும்பும். களைத்தவள் ஓடி மறிக்காமல் கையை நீட்டி மறிப்பாள். நடுவர் ஃபவுல் கொடுப்பார். ஐந்தாவது ஃபவுலுடன் அவள் வெளியேற வேண்டும். அதுவரை பெஞ்சில் குளிர்ந்து உட்கார்ந்திருந்தவள், ஆட்டத்தின் மிக நெருக்கடியான நேரத்தில் முதன்முறையாகக் களத்தில் இறங்குவாள். பிறகு அவள் பதறுகிறாள் என்று நாம் குறை சொல்கிறோம்.

இன்னொரு விதமாகப் பங்கிட்டுப் பார்ப்போம். முதல் ஐவருக்கு 28 நிமிடம் வீதம் 140 நிமிடங்கள். அடுத்த மூவருக்கு 12 நிமிடம் வீதம் 36. கடைசி நால்வருக்கு 6 நிமிடம் வீதம் 24. கூட்டினால் 200. இப்பங்கீட்டில் பன்னிருவரும் ஆடுகின்றனர். முதல் ஐவரும் கடைசிப் பகுதிக்கு வலுவுடன் வருகின்றனர். எல்லா ஆட்டத்திலும் இதையே கடைப்பிடிக்க வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. ஆனால், ஆட்டம் தொடங்கும் முன்பே இப்படி ஒரு கணக்குப் பயிற்றுநரிடம் இருத்தல் வேண்டும்.

இரண்டா, மூன்றா?

அருகிலிருந்து போட்டால் இரண்டு புள்ளி, 6.75 மீட்டர் தொலைவில் உள்ள வளைகோட்டிற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி. இதில் எது ஆதாயம்? எட்டாம் வகுப்புக் கணக்கே போதும்.

ஒருத்தி அருகிலிருந்து 20 முறை எறிந்து 9 முறை வளையத்தில் போட்டால் 18 புள்ளிகள். இன்னொருத்தி வெளியிலிருந்து 20 முறை எறிந்து 6 முறை மட்டுமே போட்டாலும் அதே 18 புள்ளிகள். ஏழாவது ஒன்று விழுந்துவிட்டால் 21. பார்ப்பவர்கள் முதலாமவளையே சிறந்தவள் என்பர். கணக்கு வேறு சொல்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இரண்டாமவள் 4 முறை மட்டுமே போட்டிருந்தால் கிடைப்பது 12 தான். ஆகவே எல்லோரும் வெளியிலிருந்து எறியலாம் என்பது இதன் பொருளன்று. எறியக் கற்ற ஒருத்தி வெளியே நின்றாலே, அவளை மறிக்க எதிரணியில் ஒருத்தி வெளியே வந்தாக வேண்டும். அப்போது வளையத்தின் அருகே இடம் திறக்கிறது. உள்ளே ஓடுபவளுக்கு வழி கிடைக்கிறது. வெளியே நிற்பவள் பந்தைத் தொடாமலேயே அணிக்கு உதவுகிறாள். அவளுடைய இந்த உதவி எந்தப் புள்ளிப் பட்டியலிலும் ஏறாது.

ஒரு தொழில்முறை அணி தன்னை மாற்றிக்கொண்ட கதை

அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டியில் ஓர் ஆட்டம் 48 நிமிடங்கள். அங்கே 2015 ஆம் ஆண்டு இறுதித் தொடரில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியும் கிளீவ்லாந்து காவலியர்ஸ் அணியும் மோதின. நான்கு ஆட்டங்களில் முதலில் வெல்பவருக்குக் கோப்பை. வாரியர்ஸ் முதல் ஆட்டத்தில் வென்று, அடுத்த இரண்டிலும் தோற்றது. லெப்ரான் ஜேம்ஸை அடக்க வழி தெரியவில்லை.

நான்காவது ஆட்டத்தில் பயிற்றுநர் ஸ்டீவ் கெர் துணிந்து ஒரு மாற்றம் செய்தார். ஏறத்தாழ 2.13 மீட்டர் உயரமுள்ள சென்டர் ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்துவிட்டு, 1.98 மீட்டர் உயரமுள்ள ஆந்த்ரே இகுடாலாவை முதல் ஐவரில் சேர்த்தார். உயரமான எதிரிக்கு எதிராக உயரத்தைக் குறைப்பதா என்று பார்ப்பவருக்கு வியப்பு! தொடக்கத்தில் அவர்கள் பின்தங்கவும் செய்தனர். எனினும் பயிற்றுநர் மனம் மாறவில்லை. களத்தில் இடம் அகன்றது. பந்து வேகமாகக் கைமாறியது. அந்த ஆட்டத்தை 103–82 என்று வென்ற அணி, அடுத்த இரண்டையும் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. 1975 க்குப் பிறகு அவ்வணி பெற்ற முதல் கோப்பை அது.

இதில் எங்களைக் கவர்ந்த செய்திகள் இரண்டு. இந்த மாற்றத்தை முன்மொழிந்தவர் தலைமைப் பயிற்றுநர் அல்லர். நிக் யூரென் என்னும் 28 வயது உதவியாளர். முந்தைய ஆண்டு இறுதித் தொடரில் சான் அன்டோனியோ அணி செய்த இதுபோன்ற மாற்றத்தைப் படமாகப் பார்த்து அவர் இதைக் கண்டறிந்தார். இளையவர் சொன்னதைப் பெரியவர் காது கொடுத்துக் கேட்டார். அதனால் வெற்றி பெற்றார். இரண்டாவது, இகுடாலா அந்தப் பருவத்தின் முதற்கட்ட ஆட்டங்கள் ஒன்றில்கூட முதல் ஐவரில் இடம் பெறவில்லை. அதற்கு முன் பத்தாண்டுகளாக முதல் ஐவரில் ஆடிய அவர், அணிக்காகப் பெஞ்சிலிருந்து வரச் சம்மதித்தார். இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது.

உயரமில்லாத பெண்கள் பெற்ற வெள்ளி

ஆடவர் கதை நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழியருக்காக இதைக் கூறுகிறோம். 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் மகளிர் அணி வெள்ளிப் பதக்கம் பெற்றது. அவ்வணியின் பெயர் பெற்ற உயரமான ஆட்டக்காரர் தோகாஷிகி ராமு, 1.93 மீட்டர். முழங்கால் காயத்தால் அவர் ஒலிம்பிக்கில் ஆட இயலவில்லை. "இனி என்ன செய்வது!" என்று அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. பயிற்றுநர் டாம் ஹோவாசே அணியின் முறையையே வேறாக வகுத்தார். எல்லோரும் ஓட வேண்டும். எல்லோரும் வெளியிலிருந்து எறியப் பழக வேண்டும். உயரமானவர்களும் வளையத்தை விட்டு வெளியே வர வேண்டும் என்பதே அம்முறை.

கால் இறுதியில் பெல்ஜியத்தை 86–85 என்று ஒரே புள்ளியில் வென்றனர். கடைசி நொடிகளில் ஹயாஷி சாகி வெளியிலிருந்து எறிந்த மூன்று புள்ளியே அந்த வெற்றியைத் தந்தது. அரை இறுதியில் பிரான்சை 87–71 என்று வீழ்த்தினர். அந்த ஆட்டத்தில் மாச்சிதா ருயி என்னும் பாயிண்ட் கார்டு, தோழியர் கூடையில் போடும்படி 18 முறை பந்தைக் கொடுத்து ஒலிம்பிக் சாதனை படைத்தார். அவருடைய உயரம் 1.62 மீட்டர்! எங்கள் வகுப்பிலேயே அந்த உயரத்தில் மாணவியர் உள்ளனர். இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 75–90 என்று தோற்றாலும், உயரம் குறைந்த நாட்டவருக்கு அந்த வெள்ளி தங்கத்திற்கு நிகரே.

நம் நாட்டு மகளிர் அணி

இனி நம் நாட்டிற்கு வருவோம். இந்திய மகளிர் அணியின் அண்மை வரலாற்றிலும் இதே பாடம் உள்ளது.

கேரளத்தில் பிறந்து சென்னையில் தெற்கு ரயில்வே அணிக்காக ஆடிய கீது அன்னா ஜோஸ் இந்தியாவின் சிறந்த சென்டராக விளங்கினார். உயரம் ஆறு அடி இரண்டு அங்குலம். ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணிக்கும் ஆடிய அவர், 2011 இல் அமெரிக்க மகளிர் தொழில்முறைப் போட்டியான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்கு அழைக்கப்பட்டார். 2014 இல் அர்ஜுனா விருது பெற்றார். 2013 இல் பாங்காக்கில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் இந்தியா ஐந்தாம் இடம் பெற்றது. அதுவரை நாம் அடையாத இடம் அது.

அப்படிப்பட்ட ஒருவர் ஓய்வு பெற்றால் அணி என்ன செய்யும்? அவரைப் போல் இன்னொருவரைத் தேடிக்கொண்டே இருந்தால் ஆண்டுகள்தாம் கழியும். 2017 இல் இந்தியா ஆசியக் கோப்பையின் 'பி' பிரிவில், அதாவது கீழ்ப்பிரிவில் ஆட வேண்டியிருந்தது. போட்டி நடந்த இடம் பெங்களூருவின் கண்டீரவா உள்ளரங்கம். எங்கள் ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவுதான். செர்பிய நாட்டுப் பயிற்றுநர் சோரான் விசிச் அமைத்த அந்த அணியில் கேரளத்தின் ஜீனா, மகாராஷ்டிரத்தின் ஷிரீன் லிமாயே, கர்நாடகத்தின் நவநீதா, தமிழகத்தின் ராஜபிரியதர்ஷினி முதலியோர் இருந்தனர். எல்லாச் சுமையையும் ஒருவர் தோளில் ஏற்றாத அணி அது. ஜூலை 29 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் இந்தியா கசகஸ்தானை 75–73 என்று வென்று மேற்பிரிவுக்கு உயர்ந்தது.

வேறுபாடு இரண்டே புள்ளிகள். ஒரே ஒரு கூடை. ஆறு நிமிடம் மட்டும் ஆட வந்தவள் போட்ட கூடையும் அந்த ஒரு கூடையாக இருக்கலாம். பன்னிருவரும் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

அதே அணியில் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையும் ஆடினார். 1985 இல் பிறந்தவர். 19 வயதிலேயே இந்திய அணியின் தலைவியானவர். ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடியவர். பெங்களூருவில் ஆடியபோது அவருக்கு வயது 32; ஒரு குழந்தைக்குத் தாய். 2021 ஆம் ஆண்டிற்கான பத்மஸ்ரீ விருது அவருக்கு வழங்கப்பட்டது. தாயானவுடன் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடும் வழக்கம் இருந்திருந்தால், அத்தனை ஆண்டு அனுபவம் அணிக்குக் கிடைத்திருக்குமா?

வெற்றியோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. 2019 இல் அதே பெங்களூருவில் நடந்த மேற்பிரிவுப் போட்டியில் இந்தியா எட்டு அணிகளுள் எட்டாவதாக வந்தது. கோப்பையை வென்றது ஜப்பான். ஆண்டு முழுவதும் ஒன்றாகப் பயிலும் அணிக்கும், போட்டிக்கு முன் கூட்டப்படும் அணிக்கும் உள்ள இடைவெளி அது. ஐவரை மாற்றுவதால் மட்டும் அந்த இடைவெளி அடையாது. பட்டியலையே நீண்ட காலம் சிந்தித்து வளர்க்க வேண்டும்.

அலுவலக அணிகளும் அவற்றின் பட்டியலும்

தமிழகத்தில் தொழில்முறை ஆட்டம் என்றால் பெரும்பாலும் அலுவலக அணிகளையே குறிக்கும். தெற்கு ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி போன்றவை விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆட்டக்காரர்களுக்கு வேலை தந்து அணி அமைத்தவை. கோவையிலும், மலையடிவார ஊரான பெரியகுளத்திலும் நடக்கும் அகில இந்தியப் போட்டிகளில் இத்தகைய அணிகளைக் காணலாம்.

அமெரிக்க அணிக்கும் நம் அலுவலக அணிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. என்.பி.ஏ. அணி ஒப்பந்தத்தின் பேரில் ஆள் எடுக்கிறது. வேண்டாதபோது வேறு அணிக்கு மாற்றிக்கொள்கிறது. அங்கே ஆட்டக்காரர் ஒரு சரக்கு போல ஊர் ஊராகச் செல்ல நேரிடும். நம் அலுவலக அணியிலோ ஆட்டம் முப்பத்தைந்து வயதில் முடிந்தாலும் வேலை ஓய்வு பெறும் வரை நிற்கும். அணி நிர்வாகத்துக்கு இது சிக்கல். இடம் காலியானால்தானே புதியவரை எடுக்க முடியும்? ஆனால், ஆடுகிற பெண்ணுக்கு அதுவே வாழ்வு. அந்த நிரந்தரச் சோற்றைப் பறித்து அணியைச் சீர்திருத்த வேண்டும் என்று யாரேனும் சொன்னால் நாங்கள் உடன்படமாட்டோம்.

அப்படியானால் வழி என்ன? எங்கள் சிறு அறிவுக்கு எட்டியவற்றைக் கூறுகிறோம். முதலாவது, காலியிடம் வரும்போது அதிகப் புள்ளி போட்டவர் யார் என்று பார்க்காமல், அணியில் எந்த வேலைக்கு ஆள் இல்லை என்று பார்க்க வேண்டும். மூன்று சென்டர்கள் இருக்கும் அணிக்கு நான்காவது சென்டர் எவ்வளவு சிறந்தவராயினும் பயன் குறைவே. இரண்டாவது, பட்டியலில் மூன்று பருவத்தினரும் இருத்தல் வேண்டும்: கற்க வருபவர், முழு வலுவுடன் ஆடுபவர், கற்றுக்கொடுத்து விடைபெறுபவர். மூன்றாவது, இளையவருக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் சில நிமிடங்கள் உறுதியாகத் தரப்பட வேண்டும். வெற்றி நிச்சயமான பின்னர் தரும் இரண்டு நிமிடம் கணக்கில் சேராது. நான்காவது, மகப்பேறுக்குப் பின் திரும்பி வருபவருக்கு இடமும் பயிற்சிக் காலமும் முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும்.

தேசியப் போட்டியில் இன்னொரு விந்தையும் உண்டு. ரயில்வேயில் வேலை பெற்ற தமிழகப் பெண்கள் இந்திய ரயில்வே அணிக்காக ஆடுவர்; சில வேளைகளில் தமிழ்நாட்டையே எதிர்த்தும் ஆடுவர். ஆகவே தமிழ்நாடு மகளிர் அணி தன் சிறந்த பெண்களை வேலைக்கு அனுப்பிவிட்டு, பள்ளி கல்லூரி மாணவியரைக் கொண்டு மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொள்ள வேண்டியுள்ளது. கேழ்வரகு நாற்றங்காலில் இருந்து நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுவது போன்றது இது. நாற்றங்கால் காலியானதே என்று வருந்துவதை விட, அடுத்த விதையை உரிய காலத்தில் விதைப்பதே அறிவுடைமை. அந்த விதை எங்கிருந்து வரும்? எங்களுடையது போன்ற பள்ளிகளிலிருந்துதான்.

எங்கள் பள்ளி அணி

பெரிய அணிகளுக்கு ஆலோசனை கூறிவிட்டு எங்கள் பள்ளியை விட்டுவிடலாமா? எங்கள் பட்டியலிலும் ஆட்கள் குறைகின்றனர். வேறு அணிக்கு யாரும் விலைக்கு வாங்கிச் செல்வதில்லை. மாலைப் பயிற்சிக்கு நின்றால் மலையூருக்குப் போகும் பேருந்து தவறிவிடும்; இருட்டினால் யானை நடமாட்டம். அதனால் சிலர் பயிற்சிக்கு வருவதில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் சிலர் ஓசூர்ப் பக்கம் வேலைக்குச் செல்கின்றனர். சிலருக்கு வீட்டில் திருமணப் பேச்சு எழுகிறது. நன்றாக ஆடுகிறாள் என்று நாங்கள் மகிழும் நேரத்தில் ஒரு பெயர் பட்டியலிலிருந்து மறைந்துவிடுகிறது. எந்தப் பயிற்றுநர் நூலிலும் இதற்கு வழி எழுதப்படவில்லை.

ஆயினும் எங்களால் இயன்ற சில உண்டு. உயர வரிசைத் தேர்வை விடுத்து, ஐந்து வேலைகளுக்கும் தனித்தனியே தேர்வு வைக்கலாம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதில் ஒரு தேர்வு. பத்து முறை எறிவதில் ஒரு தேர்வு. தோழிக்குச் சரியாகக் கொடுப்பதில் ஒரு தேர்வு. பேருந்துக்குச் செல்ல வேண்டியவர்களுக்காக மதிய இடைவேளையில் அரை மணி நேரப் பயிற்சி அமைக்கலாம். கணக்கில் வல்ல ஒரு மாணவி நோட்டுப் புத்தகத்துடன் ஓரத்தில் அமர்ந்து யார் எத்தனை நிமிடம் ஆடினார், எத்தனை எறிந்து எத்தனை விழுந்தன, யார் கொடுத்த பந்து கூடையானது என்று குறிக்கலாம். அவளையும் அணியின் பதின்மூன்றாவது உறுப்பினர் என்றே கொள்ள வேண்டும். நிக் யூரென் அப்படித்தானே வந்தார்!

முக்கியமாக, எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் நால்வராவது எப்போதும் பன்னிருவருள் இருத்தல் வேண்டும். முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகளுக்குச் செல்லும்போது அவர்களும் சில நிமிடங்கள் ஆட வேண்டும். நாங்கள் விடைபெறும் ஆண்டில் அணி புதிதாகத் தொடங்கக் கூடாது, தொடர வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் அரசு வேலையும் பெற்ற பெண்கள் நம் மாநிலத்தில் உள்ளனர். ஆனால் அந்தக் கதவு பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவளுக்கே எளிதில் திறக்கும். மகள் இன்னும் இரண்டு ஆண்டுகள் படித்தால், அவளுக்குக் கிடைப்பது வெறும் பந்து விளையாட்டு அன்று.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் நாங்கள் தெளிந்தவை சில. ஆளை எடுத்துக்கொண்டு வேலையைத் தேடுவதை விட, வேலையை அறிந்து ஆளை வைப்பதே சிறந்தது. உயரம் நல்லதே, ஆனால் அது ஐந்து வேலைகளுள் இரண்டுக்குத்தான் பெரிதும் வேண்டியது. ஆட்டத்தைத் தொடங்குபவர் ஐவர். அதை முடித்துத் தருபவர் பன்னிருவர். ஒருவர் வெளியேறும்போது அவரைப் போல் இன்னொருவரைத் தேடாமல், இருப்பவர்க்கு ஏற்ற முறையைக் கண்டால் ஜப்பானியப் பெண்கள் பெற்ற வெள்ளி எவர்க்கும் எட்டக்கூடியதே.

அன்புத் தங்கையரே! உயர வரிசையில் கடைசியில் நிற்கிறோமே என்று தளர வேண்டா. 1.62 மீட்டர் உயரமுள்ள ஒருத்தி ஒலிம்பிக்கில் 18 முறை பந்தைக் கொடுத்தாள் என்பதை நினைவில் வையுங்கள். அடுத்த ஆண்டுக்கான பன்னிருவர் பட்டியலில் எங்கள் பெயர்கள் இருக்கமாட்டா. அந்த இடங்கள் உங்களுக்காகவே காத்திருக்கின்றன. மதிய மணி அடித்ததும் சாப்பாட்டை முடித்துக்கொண்டு களத்திற்கு வாருங்கள். பந்து உடற்கல்வி ஆசிரியையின் அறையில் இருக்கிறது.